சகலையின் தக்காளி

மே 4

கடையில் இன்று பதினான்கு மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நேராகத் தோட்டம். தக்காளிக்கு மேல் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு மழைத் தண்ணீரில் தொந்தி போட்டுத் தொங்கியது. கம்பால் குத்தித் தண்ணீரை இறக்கினேன். பாதி என் தலையில்.

சகலை குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துச் சிரித்தார். என் மனைவியின் தங்கை கணவர். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு கொல்லைக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு வரிசைச் செங்கல்தான். எருக்குழியும் பொது.

"நானும் நாலு செடி வெக்கலாம்னு இருக்கேன் அண்ணே. உங்களப் பாத்துதான் ஆசை வந்துச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருடமாகத் தோட்டம் போடுகிறவன், கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா? அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். ஒன்பது நாற்றும் கொடுத்தேன். சவலையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். நல்லதெல்லாம் என் பாத்தியில்.

மே 16

சவலை நாற்று ஒன்பதும் நிமிர்ந்துவிட்டன.

ஜூன் 17

விடாத மழை. இதற்குப் பெயர் கோடையாம். அவர் பக்கம் மேடு, தண்ணீர் நிற்பதில்லை. அதுதான் காரணம். வேறென்ன இருக்க முடியும்? என் பக்கம் கணுக்கால் வரை சேறு. கொத்தமல்லி அழுகி நாறுகிறது.

மனைவி இன்று செங்கலைத் தாண்டிப் போய்ப் புதினா கிள்ளிக்கொண்டு வந்தாள்.

"நம்ம புதினாவுக்கு என்ன கேடு?" என்றேன்.

"மஞ்சளா கெடக்கு. கண்ணாடி போட்டுப் பாருங்க."

கண்ணாடிக் கடைக்காரனிடமே!

ஜூன் 26

சகலை ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நான் சொல்வதை எல்லாம் அதில் எழுதிக்கொள்கிறார். இன்றைய சந்தேகம்: "மழ அடிக்கிறப்ப மண்ணு தெறிச்சு இலையில ஒட்டுதே அண்ணே, என்ன பண்றது?"

"மூடாக்கு போடுங்க. எருக்குழி மேலாப்புல பாதி மக்கின எலதழ கெடக்கும். அள்ளிட்டு வந்து செடிக்கு அடியில பரப்புங்க."

எழுதிக்கொண்டார். அவர் பக்கம் பார்க்கிறேன், ஒரு கொத்தில் ஏழு காய். என்னிடம் கேட்டுக் கேட்டே என்னைத் தாண்டிப் போகிறார். இவரிடம் இருப்பது நேரம். வேலை வெட்டி இல்லாத மனிதர், நாள் முழுக்கச் செடியோடு குடித்தனம் நடத்தலாம். எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஜூலை 2

மச்சினி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஐந்து பழம்.

"மொதப் பழம் குருவுக்குத்தான்னு குடுத்துவிட்டாரு அத்தான்."

என் செடியில் இன்னும் பச்சைக்காய். அதுவும் கோலிக்குண்டு அளவு. வெட்டி வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

"கொஞ்சம் புளிப்பு" என்றேன். மனைவி என்னையே பார்த்தாள்.

ஜூலை 7

என் தக்காளி இலையில் பழுப்புத் திட்டு. எண்ணெய் பட்ட காகிதம் போல. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. கருகல் நோய். ஆறு செடியில். காற்றுப் போகாமல் விரிப்பைக் கட்டி நானே வரவழைத்திருக்கிறேன்.

அக்காவும் தங்கையும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். சகலை முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வருவதற்குள் நோய் கண்டதையெல்லாம் வெட்டி எருக்குழியில் போட்டு, மேலே கொஞ்சம் புல்லைத் தூவினேன். நோய்ச் செடியைக் குழியில் போடக் கூடாது. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ஆனால் இந்த மழையில் எங்கே எரிப்பது? பையில் கட்டித் தெருத்தொட்டியில் போடலாம் என்றால் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்—

சாக்கு. அவருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூலை 9

காலையில் சமையலறை ஜன்னலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். சகலை கூடையோடு எருக்குழிக்கு வந்தார். மேலாப்பில் அள்ளினார். என் இலைகள். கொண்டுபோய் ஒன்பது செடிக்கும் அடியில் பரப்பி, கையாலேயே அணைத்துவிட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. காபி ஆறிப்போகும்வரை நின்றேன்.

ஏன் சொல்லல? சொன்னா என் செடிக்கு நோய்னு ஒத்துக்கணும். அது மட்டுமா? இல்ல. போகட்டும்னு நெனச்சேன். எல்லாம் போகட்டும், ஒரு தடவ அந்த ஆளும் வெறுங்கையோட நிக்கட்டும்னு நெனச்சேன். எழுதிட்டேன். கிழிக்க மாட்டேன்.

ஜூலை 10

மழை.

ஜூலை 18

ஒன்பதும் போயிற்று. காய்கள் கறுத்து, தண்டு ஈரத்துணியாகத் துவண்டு கிடக்கிறது. சகலை ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணே இது?"

"கருகல். மழைக்கு வரும்."

மிச்சமிருந்த என் செடிகளும் கறுத்துக் கிடந்த பாத்தியை எட்டிப் பார்த்தார். "அய்யோ, உங்களுதும் போச்சா? என் செடியிலேருந்துதான் உங்களுக்கு ஒட்டிக்கிச்சா?"

"தெரியல" என்றேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஜூலை 24

மச்சினி கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"அவரு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு அத்தான். வேல போனப்ப இப்படித்தான் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தாரு. அக்காகிட்டகூட நான் சொல்லல. தோட்டம்னு ஒண்ணு வந்துதான் மனுஷனா எந்திரிச்சாரு. இப்ப, நான் தொட்டது எதுவும் வெளங்காது, அண்ணன் தோட்டத்தையும் கெடுத்துட்டேன்னு பொலம்புறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சத்தான் கேப்பாரு."

வருகிறேன் என்றேன். அதன்பின் வெட்டிய வில்லை இரண்டும் அளவு தப்பிவிட்டது.

ஜூலை 25

நாற்றுப் பண்ணைக்காரரிடம் விசாரித்தேன். "இந்த மழைக்கு எப்படியும் வந்திருக்கும் சார். யார் வீட்டுல தக்காளி நிக்குது?"

அப்பாடா என்று இருந்தது. இதையே சகலையிடம் சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை.

ஜூலை 27

போனேன். திரைச்சீலை மூடிய அறை. தாடியோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பண்ணைக்காரர் சொன்னதைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். "அப்ப என்னால இல்லையா அண்ணே?" என்று குழந்தை மாதிரி கேட்டார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

"உங்களால இல்ல சகலை. என்னால" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நோயை மறைத்தது, குழியில் போட்டது, அவர் அள்ளும்போது பார்த்துக்கொண்டே நின்றது. பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன்.

போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்:

"ஜன்னல்ல நீங்க நின்னத நானும் பாத்தேன். நான் சரியா செய்யிறேனான்னு பாக்குறீங்கன்னு நெனச்சேன். உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு இன்னொரு கூடை அள்ளிட்டு வந்து போட்டேன்."



"போங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

ஜூலை 28

மனைவியிடமும் சொன்னேன். சோறு வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆகஸ்ட் 4

காலையில் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் சகலை. முகம் மழித்திருந்தார். செத்த செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டிவிட்டு, அவர் பக்கத்து மூலையில் தனியாக ஓர் எருக்குழி வெட்டிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் ஆழமாகவே வெட்டினார்.

மச்சினி மட்டும் இந்தப் பக்கம் வந்தாள். "ஒரு வாரமா உங்களத் திட்டித் தீக்குறாரு அத்தான். நல்லா சாப்புடுறாரு."

ஆகஸ்ட் 30

மழை விட்டு ஐந்து நாள். அவர் விதைத்த கீரை முதல் அறுப்பு. ஒரு கட்டை மச்சினியிடம் கொடுத்தனுப்பும்போது "இது அக்காவுக்கு" என்று அழுத்திச் சொன்னாராம். மனைவி சமைத்துத் தனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மூடியைத் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டேன். என் மண்ணில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. வயிறு எரியத்தான் செய்தது.

கையைக் கழுவிக்கொண்டு செங்கல் வரிசை வரை போனேன்.

"கீரை ரொம்ப நல்லா இருக்கு சகலை."

நிமிரவில்லை. "அக்காவுக்குல்ல குடுத்தேன்."

"திருடித்தான் தின்னேன்."

அவர் களை பிடுங்கிக்கொண்டே இருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவில்லை.