அண்ணிக்குள் ஒரு நாத்தனார்

மார்ச் 9

அன்பு மிகுந்த அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் உங்களுக்குள் குடியேறியிருக்கும் என் கிட்னியும் நலமா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் போனை எடுத்தால் பாதி நேரம் அழுகை, மீதி நேரம் மூக்குச் சிந்தல். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன். காகிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது பாருங்கள்.

தையல் கடைக்குத் திரும்பிவிட்டேன். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். என்னையே தூக்கிக்கொண்டு தினமும் மாடிப்படி ஏறுகிறேனே, அது கணக்கில் வராதா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. பெரிய படிப்பு படித்தவர்.

வலியெல்லாம் போய்விட்டது. வேறு தொல்லை வந்திருக்கிறது. இங்கே சபையில் என்னைத் தியாகி ஆக்கிவிட்டார்கள். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே போதகர் என்னைக் கைகாட்டினார். நான் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அதையும் மன்னித்துவிட்டார்கள். கடையில் இன்னும் மோசம். காஜா எடுக்கிறவளும் இஸ்திரி போடுகிறவளும் முதலாளியம்மாவின் மருமகளைப் பற்றிச் சுவையாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும், "அக்கா முன்னாடி வேணாம்டி, பாவம்" என்று நிறுத்திவிட்டார்கள். கிட்னியைக் கொடுத்தால் ஊர்வம்பும் கூடவே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

உங்களுக்கு ஒரு நீலச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். குறை இருந்தால் வழக்கம்போல் திட்டி எழுதவும்.

நீங்கள் பெயர் வைத்த,
வாயாடி

*

மார்ச் 20

கிறிஸ்துவின் அன்பில் இணைந்த அருமைச் சகோதரிக்கு,

ஆண்டவருடைய பெரிதான கிருபையால் நானும் உங்கள் அண்ணனும் சுகம். உங்கள் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

சட்டை வந்து சேர்ந்தது. என்ன நேர்த்தி, என்ன அழகு! ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு அதைத்தான் அணிந்து போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கரங்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

மாத்திரைகளால் எனக்குக் கை நடுங்குகிறது. கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். மே மாதக் கடைசியில் எங்கள் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம். நீங்கள் செய்த பேருபகாரத்துக்காக அன்று நானே ஆர்கன் வாசித்து, சாட்சியும் சொல்வதாகப் பொருத்தனையாக நேர்ந்திருக்கிறேன். பரிசோதனையில் எல்லாம் நன்று.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் சகோதரி

*

ஏப்ரல் 2

அன்பு மிகுந்த அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. யாரோ சகோதரி எழுதியிருந்தார்கள். தபால்காரர் வீடு மாறிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அண்ணி, இத்தனை வருஷமாக எனக்கு "அடியே", "வாடி", "உருப்படாதவளே" தானே? திடீரென்று "நீங்கள்" என்றால் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த மறுவாரமே என் தையலைப் பார்த்து, "கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சியாடி?" என்று கேட்டவர் நீங்கள். அந்தக் கோபத்தில்தான் நான் ஒழுங்காகத் தைக்கவே கற்றுக்கொண்டேன். இன்று நான் சாப்பிடுகிற சோறு உங்கள் வாய் போட்டது.

நீலச் சட்டையில் நிஜமாகவே ஒரு குறையும் இல்லையா? ஆர்கன் வாசிக்கிறவர், கையை முன்னால் நீட்டிப் பார்த்திருப்பீர்களே? சரி, இத்துடன் ஒரு பச்சைச் சட்டையும் வருகிறது. இதையாவது உற்றுப் பாருங்கள்.

ஒரே ஒரு வரி திட்டி எழுதுங்கள் அண்ணி. சட்டையைத் திட்ட மனம் வராவிட்டால் அண்ணனின் குறட்டையையாவது திட்டுங்கள். அது எங்கள் குடும்பத்துச் சரக்குதான், நான் பொறுப்பேற்கிறேன். இங்கே என்னோடு சண்டை போட ஆளில்லை. பேருந்தில்கூட எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

வாயாடி

*

ஏப்ரல் 24

கிருபை பெற்ற அருமைச் சகோதரிக்கு,

பச்சைச் சட்டை முந்தினதைவிடச் சிறப்பு. கழுத்து அத்தனை கச்சிதம். உங்கள் அண்ணன் அதைப் பார்த்து, "இது சட்டையா சாக்கா?" என்று கேட்டார். கொடுத்த மனதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புத்தி சொன்னேன்.

கை நடுக்கம் ஆண்டவர் கிருபையால் அடியோடு நின்றுவிட்டது. கையெழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். தினமும் ஆர்கன் பயிற்சி நடக்கிறது. எல்லாம் உங்களால் வந்த வாழ்வு. பரிசோதனையில் எல்லாம் நன்று.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் சகோதரி

*

மே 3
விரைவுத் தபால்

அண்ணி,

இன்று சிரிப்பு வரவில்லை, நேராக எழுதுகிறேன்.

நீலச் சட்டையில் இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன். அது நிஜமான பிழை. தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. உங்கள் திட்டுக்காகக் காத்திருந்தேன், பாராட்டு வந்தது. பச்சைச் சட்டையை வேண்டுமென்றே கெடுத்தேன். ஒரு தோளை இறக்கி, காலரைத் தலைகீழாக வைத்து, என் தொழிலில் இதுவரை செய்யாத பாவமெல்லாம் அதில் செய்தேன். அதற்கும் "கச்சிதம்" என்று எழுதிவிட்டீர்கள்.

சட்டைக்காகப் பொய் சொன்னால் போகட்டும். ஆனால் "பரிசோதனையில் எல்லாம் நன்று" என்பதையும் அதே பேனாதானே எழுதியது?

நடுக்கம் நின்றுவிட்டது என்கிறீர்கள். பெரிய டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற மாத்திரை இருக்கிறவரை கொஞ்சம் நடுக்கமும் இருக்கும் என்றார். அப்படியானால் எது நின்றது அண்ணி? நடுக்கமா, மாத்திரையா?

போனில் கேட்டேன். ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிட்டீர்கள். அண்ணனைக் கேட்டேன். "அவ நல்லா இருக்கா, இங்கே நல்ல மழை" என்றார். சின்ன வயதிலிருந்தே எதையாவது மறைக்க வேண்டுமென்றால் அவர் மழையைப் பற்றித்தான் பேசுவார்.

நான் புண்ணியத்துக்காகக் கொடுக்கவில்லை. உங்களை டயாலிசிஸ் கட்டிலில் பார்த்தபோது, இந்த அண்ணி போய்விட்டால் என்னை முழுக்கத் தெரிந்துகொண்டே திட்ட இனி யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தச் சுயநலத்தில் கொடுத்தேன். இப்போது அண்ணியும் இல்லை, யாரோ சகோதரிதான் இருக்கிறார். கிட்னியும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

கூட்டம் வேண்டாம், ஆர்கன் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பதில் அப்புறம் எழுதலாம்.

வாயாடி

*

மே 30

அடியே வாயாடி,

துப்பறிந்துவிட்டதாகத் தலைக்கனம் பிடித்து அலையாதே. நான் உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் படித்த உன் அண்ணன், மழையெல்லாம் மறந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். கையை மாற்றித் தைக்கிற குடும்பம், செருப்பையும் அப்படித்தானே போடும்?

விஷயம் இதுதான். கை நடுங்கினால் ஆர்கனில் ஒரு கட்டைக்குப் பதில் மூன்று கட்டை அமுங்குகிறது. உனக்கு நன்றி செலுத்துகிற அன்று அப்படி ஆகிவிடக் கூடாதே என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். நடுக்கம் போனது. ரத்தத்தில் உப்பு ஏறியது. ஏறியதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. நீ கொடுத்ததைக் கொண்டாடுவதற்காக, கொடுத்ததன் கழுத்தையே நெரித்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

டாக்டர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கொடுத்தவங்க இங்கே வந்து நின்னா என்னம்மா பதில் சொல்லுவீங்க?" என்றார். "அவ வந்தா நீங்க பேசவே வேண்டியிருக்காது டாக்டர், அவளே பார்த்துக்குவா" என்றேன். ஒரு வாரம் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். உப்பு இறங்கிவிட்டது. கிட்னி தப்பித்தது. உன்னுடையதல்லவா, பிடிவாதம் அதிகம்.

ஏன் திட்டவில்லை என்று கேட்டாய். திட்ட வாயைத் திறந்தால் ஆபரேஷனில் தையல் போட்ட இடம் நினைவுக்கு வரும். நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று பயம். உன்னிடம் வாங்கிக்கொண்டு உன்னையே எப்படித் திட்டுவது? அதனால் நல்ல வார்த்தையாகத் தேடித் தேடி எழுதினேன். ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை ஜெபம் செய்ய வேண்டியிருந்தது.

நீ வேண்டாம் என்றாலும் கூட்டத்துக்குப் போனேன், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். கை நடுங்கியது. நான் ஒரு பாட்டு வாசித்தேன், பாடகர் குழு வேறு பாட்டு பாடியது. சாட்சி சொல்ல எழுந்து, எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு, மாத்திரையை உடைத்ததையும் உனக்குப் பொய் எழுதியதையும் சொன்னேன். எங்கள் போதகர் பழக்க தோஷத்தில், "ஸ்தோத்திரம்" என்றார். அப்புறம் எல்லோரும் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். அழவில்லை என்று எழுதிக்கொள்.

இப்போது சட்டைக்கு வருகிறேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினால் முதுகு கிழிகிற மாதிரி இழுக்கிறது. அதோடு மூன்று ஞாயிறு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆர்கன் வாசித்தேன். பச்சைச் சட்டையில் என்னைப் பார்த்து, "கழுத்துல சுளுக்காம்மா?" என்று ஆலயத்தில் மணி அடிக்கிற கோயில் பிள்ளை கேட்டார். நல்ல துணியை இப்படிப் பாழாக்க உனக்கு எப்படியடி மனசு வந்தது? கண்ணைத் திறந்துகொண்டே கெடுத்திருக்கிறாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டையும் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். பிரித்து, ஒழுங்காகத் தைத்து, நீயே கையோடு கொண்டு வா. ஜன்னல் பக்கத்து அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

வருகிறபோது வெறுங்கையோடு வராதே. அந்த முதலாளியம்மாவின் மருமகள் என்ன செய்தாள்? காஜா எடுக்கிறவள் சொல்லாவிட்டால் இஸ்திரி போடுகிறவளைத் தனியாகப் பிடி. மார்ச்சிலிருந்து எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருக்கிறது. சகோதரி எப்படி வம்பு கேட்பது என்றுதான் கேட்கவில்லை.

கையெழுத்து மறுபடி கோணலாகிவிட்டது, பார்த்தாயா? மணி எட்டாகிறது. உன் அண்ணன் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்கிறார். முழு மாத்திரை.

அண்ணி