உங்கள் தட்டில் மிச்சமான பாதி மீன்

மாமி,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்குப் படம் பெருப்பிக்க வேண்டும் என்று இவர் அலுமாரியைக் கிளறியதில் ஒரேயொரு படம்தான் தேறியது. மற்ற எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இதில் மட்டும் சிரிக்கிறீர்கள். மாம்பழ நிறப் பட்டுச் சேலை, பின்னால் ஹோட்டலின் பெரிய தொங்குவிளக்கு, முன்னால் மீன் தட்டு. "அம்மா எவ்வளவு சந்தோசமா இருக்கிறா, பாரும்" என்று இவர் காட்டினார். ஓம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எதைச் சாப்பிட்டுவிட்டு அப்படிச் சிரித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் எழுபதாவது பிறந்தநாளைக் கிளிநொச்சியில் புதிதாக எழும்பிய அந்தப் பெரிய ஹோட்டலில் வைக்கச் சொன்னது லண்டனிலிருந்து வந்த உங்கள் மூத்த மகன். அம்மாவை ஒருநாளாவது ராணி மாதிரி இருத்த வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த காரணம் வேறு. என் வீட்டில் வைத்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். உங்கள் வீட்டில் வைத்தால் என்னைக் குசினிக்குள் விட மாட்டீர்கள். ஹோட்டல் என்றால் ஒருவருக்கும் சங்கடமில்லை.

என் தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து நெடுங்கேணிக் காட்டோரம் குடிசை போட்டவர். உங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். உங்கள் மகன் என்னைக் காதலித்துக் கட்டிய நாள்தொட்டு என் வீட்டில் நீங்கள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவும் மாட்டீர்கள். ஒரு நாள் விரதம், ஒரு நாள் நெஞ்செரிவு, ஒரு நாள் "இப்பதான் பிள்ளை தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்." சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் நீங்களும் என் அம்மாவும் ஒரே கிடாரத்துக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்தான். ஊர் திரும்பியதும் உங்களுக்கு அது வசதியாக மறந்துவிட்டது.

அன்று காலையில் என் சித்தப்பாவின் மகன் ரமேஷ் போன் எடுத்தான். கொழும்பு ஹோட்டல்களில் தொழில் பழகி, அந்தக் கிளிநொச்சி ஹோட்டலுக்குத் தலைமைச் சமையல்காரனாக வந்திருந்தான். "அக்கா, இன்னைக்கு உங்க மாமியாருக்கு நான்தான் சமைக்கிறேன். கேக் வெட்டுறப்ப வந்து கும்பிட்டுட்டுப் போறேன்" என்றான். வெளியே வராதே என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டான். கேட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

போகும் வழியில், சமைக்கிறது ரமேஷ் என்று இவரிடம் மட்டும் காதுக்குள் சொன்னேன். இவர் முகம் வெளிறிப் போனது. அம்மா சாப்பிட்டு முடியுமட்டும் வாய் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினார்.

ஹோட்டல் மேசையில் முள்ளுக்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கை கழுவி வந்து கதிரையில் இருந்தீர்கள். விரால் மீன் குழம்பு வந்தது. முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். இரணைமடு மீனில் இப்படியொரு குழம்பு வைக்கிற கை எங்கள் பக்கத்தில் கிடையாது என்று சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் மூத்த மகன் படம் எடுத்தது அப்போதுதான். அது என் சித்தி வைக்கும் குழம்பு, மாமி. அதையே என் வீட்டில் எத்தனை தரம் கோப்பையில் போட்டு உங்களுக்கு நீட்டியிருப்பேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, தட்டை எடுத்துச் சுவரில் அடிக்கலாம்போலவும் இருந்தது.

நீங்கள் அதோடு விட்டிருக்கலாம். சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னீர்கள். அவர்களுக்கு வேலை இருக்கும், விடுங்கோ அம்மா என்று இவர் மறித்துப் பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லுவதற்கு என்ன என்று நீங்கள் விடவில்லை.

ரமேஷ் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றான். என் பக்கம் திரும்பவேயில்லை, முன்பின் தெரியாதவள்போல என்னை விட்டுவிட்டான். நீங்கள் மனம் நிறையப் பாராட்டினீர்கள். பிறகு, புதிதாக யாரைக் கண்டாலும் கேட்பதைக் கேட்டீர்கள்.

"தம்பி எவடம்?"

"நெடுங்கேணிங்கம்மா."

"நெடுங்கேணியில எவடம்? ஆரின்ரை பிள்ளை?"

அவன் எனக்காக ஒரு பொய்யைத் தேடுகிறான் என்று விளங்கியது. இவர் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அவன் என்ரை சித்தப்பான்ரை மகன், மாமி."

உங்கள் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றன. பாதி மீன் தட்டில் கிடந்தது. அவனுக்கு முன்னால் முகம் சுளித்தால் இனி இந்த மனிசியின் படலையை மிதிப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் சுளிக்கவில்லை. "நல்லாயிரு தம்பி" என்றீர்கள். அவன் உள்ளே போனபிறகு தட்டைத் தள்ளி வைத்தீர்கள். கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தீர்கள், நீங்கள் தொடவில்லை. மூத்த மகன் மட்டும் லண்டன் குளிரைப்பற்றி நிற்பாட்டாமல் கதைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ஒரே வான் வண்டியில் திரும்பினோம். பரந்தன் தாண்டியபிறகு முன் சீற்றிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டீர்கள்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் மாமி."

"சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டன்."

"தெரியும். அதுதான் சொல்லேல்லை."

எனக்கு அழுகை வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆறுதலாக இருந்தது. விரதமும் நெஞ்செரிவும் இல்லாமல் நீங்கள் என்னோடு கதைத்த முதல் கதை அது. அதற்குப் பிறகும் வந்தீர்கள், கதிரையில் இருந்து ஊர்க்கதையெல்லாம் பாடுபறைந்துவிட்டுப் போனீர்கள். நான் ஒன்றும் நீட்டவில்லை, நீங்களும் சாட்டுச் சொல்லவில்லை.

நாளைக்கு உங்கள் திவசச் சமையல் என் குசினியில்தான். செத்தவர்கள்மேல் கோபம் வைக்கக் கூடாதாம். எனக்கு இன்னும் இருக்கிறது, மாமி. ரமேஷிடம் அன்று வராதே என்று சொன்ன என் குரல் நினைவு வரும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தை விட முடியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கிடந்த நாட்களில் நடந்த அந்த ஒன்றையும் விட முடியவில்லை.

உடம்புதான் விழுந்திருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. முருங்கையிலை போட்டுச் சூப் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தேன். இந்த முறை ஒளிக்க மனம் வரவில்லை. "மாமி, இது என்ரை குசினியில நான் காய்ச்சினது. வேண்டாமெண்டா கன்டீனில வாங்கித் தாறன்" என்றேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். கரண்டியை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தலையைப் பின்னுக்கு இழுத்தீர்கள். கரண்டியைக் கோப்பைக்குள் போடப் போனேன்.

"சுடுது" என்றீர்கள். "ஊதித் தா, பிள்ளை."