உடைகிற ஆணி

காரமடை
14.6.1993

உயர்திரு பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் ஒரு பழைய வெளிநாட்டு டிராக்டர் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. சாமான் எங்கும் கிடைப்பதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் லேத்துப் பட்டறையில் மாதிரியைப் பார்த்துச் செய்து கொடுப்பதாகச் சொன்னார்கள்.

வண்டியின் பின்தண்டோடு சுழல் கலப்பையைச் சேர்க்கும் ஆணி உடைந்துவிட்டது. துண்டுகளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதே அளவில் நாலைந்து செய்து அனுப்பவும். வாடகைக்கு உழுதுதான் பிழைப்பு. ஆகவே தாமதம் வேண்டாம்.

இப்படிக்கு,
மா. ராசப்பன்

பெரியநாயக்கன்பாளையம்
18.6.1993

அன்புள்ள அண்ணனுக்குப் பொற்கொடி எழுதுவது,

இங்கு நாங்கள் நலம். அம்மாவும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்?

"உயர்திரு உரிமையாளர்" என்று வாசித்ததும் இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எபினேசரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நம் வீட்டில் இவருக்குக் கிடைத்த முதல் மரியாதை இதுதான். "வேதக்காரன் இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது" என்று அம்மா சொன்னதோடு சரி. பட்டறை யாருடையது என்று தெரியாதவர் மாதிரி நீங்கள் எழுதியதைப் படித்து நான் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழவும் செய்தேன்.

ஆணிகளை நானே கடைந்தேன். சின்ன லேத்து இப்போது என் பொறுப்பு.

உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இணைச்சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்தப் போகிறார்களாம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவள் நிற்கிற சீர் அது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

தங்கை,
பொற்கொடி

காரமடை
9.7.1993

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆணி முதல் காட்டை உழும்போதே உடைந்தது. மாற்றினேன். அதுவும் உடைந்தது. இரும்பில் செய்தீர்களா, மெழுகில் செய்தீர்களா? காட்டுக்காரர் தம்பிதுரை வரப்பில் நின்று, "தங்கச்சி ஊட்டு ஆணியாச்சுங்களே ராசப்பா, அதான் கோவிச்சுக்கிட்டு ஒடையுது" என்கிறார். நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது.

கோபம் இருந்தால் என்மேல் காட்டலாம். என் பிழைப்பின்மேல் காட்டக்கூடாது. கடின இரும்பில் செய்து அனுப்பவும். முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

மா. ராசப்பன்

பெரியநாயக்கன்பாளையம்
12.7.1993

அண்ணா,

அந்த ஆணி உடைவதற்கென்றே செய்வது. கலப்பைக் கத்தி கல்லில் சிக்கினால் எங்காவது ஒன்று உடைந்தே தீரும். ஆணி உடைந்தால் வேறு ஆணி போட்டுக்கொள்ளலாம். அது உடையாவிட்டால் பெட்டிக்குள் இருக்கிற கியர் உடைந்துவிடும். இந்த வண்டியை ஓட்டிய காலத்தில் அப்பா ஏன் சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா நிறைய ஆணி வைத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

கடின இரும்பில் இவரும் செய்ய மாட்டார், நானும் கடைய மாட்டேன். தயவுசெய்து வேறு எங்கும் போய்ச் செய்துகொள்ளாதீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதை ஆணியில் காட்டுகிறவள் இல்லை நான். நேரில் பார்த்தால் வாயாலேயே காட்டுவேன்.

பொற்கொடி

காரமடை
30.7.1993

பட்டறைக்கு,

வேறு இடத்தில் கடின இரும்பில் ஆணி செய்து மாட்டினேன். நேற்று தம்பிதுரை காட்டில் கத்தி பாறையில் சிக்கியது. ஆணி உடையவில்லை. கியர்ப் பல் உதிர்ந்துவிட்டது.

வண்டி வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்கிறது. ஆவணிக் கடைசியில் கல்யாணம். இந்த வண்டி ஓடுவதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள். இப்போது பெண்ணின் அப்பா இரண்டாவது முறையாக வந்து மரத்தடியைப் பார்த்துவிட்டுப் போகிறார். கியரைக் கழற்றி அனுப்பியிருக்கிறேன். செய்ய முடியுமா?

ராசப்பன்

பெரியநாயக்கன்பாளையம்
11.8.1993

அண்ணா,

கியர் தயார். பழைய பல் தேய்ந்திருந்தது. பார்த்தபடியே வெட்டினால் புதியதும் பிறக்கும்போதே தேய்ந்ததாக இருக்கும். அதனால் தேய்வைக் கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறார். இதை பஸ்ஸில் அனுப்பிப் பயனில்லை. இவரே வந்துதான் மாட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? கோயில் ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுவார். வண்டி வாசலுக்கு வெளியேதானே நிற்கிறது. வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சோற்றைத் தூக்குப்போசியில் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

பொற்கொடி

காரமடை
18.8.1993

அம்மணி பொற்கொடிக்கு அண்ணன் எழுதுவது,

பேசக்கூடாது என்றுதான் நின்றேன். மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, "மச்சான், அந்த ஸ்பேனரக் குடுங்க" என்றார். கேட்டதைக் கொடுக்காமல் எப்படி? கொடுத்தேன். "இது இல்லீங்க, சின்னது" என்றார். அதற்குப் பிறகு பேசாமல் எப்படி இருப்பது?

மதியம் அவர் மரத்தடியில் போசியைத் திறக்கப் போனார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "ஏங்கண்ணு, இத்தன நேரம் மண்ணுல கெடந்த மனுசன் மரத்தடியில உக்காந்து தின்னா நல்லாவா இருக்குது? உள்ள வரச் சொல்லு."

மாப்பிள்ளை தயங்கினார். "படி ஏற மாட்டேன்னு பொற்கொடிகிட்ட சொல்லிப்போட்டு வந்தனுங்க" என்றார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

வண்டி ஓடுகிறது. அன்று சாயங்காலமே பாறைப் பக்கம் ஓட்டினேன். உன் ஆணி உடைந்தது. கியருக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிதுரை வாயெடுப்பதற்குள், "எந்தங்கச்சி செஞ்ச ஆணிங்க, இப்படித்தான் ஒடையோணும்" என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா மகளிடம் நானே போய்ப் பேசினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "சனம் என்ன பேசும்?" என்று அம்மா இரண்டு நாள் புலம்பினாள். பேசிக்கொள்ளட்டும். நீ இருக்கும்போது வேறொருத்தியைப் பக்கத்தில் நிறுத்தினால், உன்னை நானே இல்லாமல் ஆக்கிவிட்டதாக அர்த்தம். அது என்னால் முடியாது, கண்ணு.

சேலை எடுத்தாயிற்று. அரக்கு நிறம். பிடிக்காவிட்டாலும் கட்டிக்கொள். வாயால் காட்டுவேன் என்றாயே, அந்தக் கோபத்துக்காகச் சீருக்கு முந்தின நாளே வந்துவிடு. வீட்டில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பந்தலில் மட்டும் வேண்டாம்.

மாப்பிள்ளையின் போசி இங்கேயே இருக்கிறது. அம்மா அதைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பஸ்ஸில் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். நீ உள்ளே வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

உன் அண்ணன்,
ராசப்பன்