அண்டாவைத் திறக்கும் நேரம்

ஜூன் 8, ஞாயிறு

போதகர் ஆபிரகாம் ஐயா வீட்டுக் கூடத்தில் ஆராதனை. முப்பது பேர். முடிந்ததும் வழக்கம்போல எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு, இறால் குழம்பு. பரிமாறும் கரண்டி என் கையில். இந்தச் சபையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி, விடுவேனா!

பச்சையம்மா ஒன்றரை மணிக்கு ஈரச் சேலையோடு வந்தாள். கடலோடு சேர்ந்த எங்கள் ஏரியில் தண்ணீர் வற்றும்போதுதான் அவள் கையால் தடவி இறால் பிடிக்க முடியும். இன்று வற்றியது ஆராதனை நேரத்தில். அண்டாவில் சோறும் வெறும் குழம்பும்தான் மிச்சம். "பரவால்லக்கா" என்று சாப்பிட்டாள்.

ஜூன் 11, புதன்

29ஆம் தேதி ஆதி சபைகளைப் பற்றி நான் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். ஐயா ஒரு தடிப் புத்தகமும் கொடுத்துவிட்டார். தைக்கிறவளிடம் போய்ப் பேசச் சொன்னால்?

ஜூன் 15, ஞாயிறு

பச்சையம்மா வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

புத்தகத்தில் கொரிந்து வரை வந்துவிட்டேன். அதுவும் எங்கள் ஊர் மாதிரி கடலோர ஊர்தான். சபைக்கென்று கோயில் கட்டிடம் கிடையாது. வசதியானவர் வீட்டில் கூடி, அப்பம் பிட்டு, சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் வேலை இல்லாதவர்கள் முதலில் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவார்களாம். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வந்தால் ஒன்றும் இருக்காது. என்ன ஜனங்களோ என்று சிரித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

ஒரு ஜாக்கெட் முடிந்த பிறகுதான் உறைத்தது. கொரிந்து எங்கே இருக்கு? எங்க அண்டாவுக்குள்ளதான் இருக்கு. கரண்டி யார் கையில?

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பிடித்த இறாலைப் போட, தண்ணீரில் பல்லால் கடித்துக்கொண்டு போகிற பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, ரெண்டு வாரமா ஆளக் காணோம்?"

"தண்ணி வத்துற நேரம் அப்டிக்கா."

"பொய் சொல்லாத."

பறியைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னிக்குக் கொழம்புல போட்டது நான் புடிச்சிக் குடுத்த எறாலுக்கா. எனுக்குன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இருபது நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் பேசினேன். கொரிந்துக் கதையைச் சொன்னேன். பச்சையம்மாவுக்கு வெறும் குழம்பு ஊற்றியது நான்தான் என்றேன். இனி கடைசி ஆள் வரும்வரை அண்டாவைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"சுகர்காரங்க இருக்காங்கம்மா, பசி தாங்க மாட்டாங்க" என்றார் ஐயா. நியாயம்தான். "அவங்களுக்கு இட்லி எடுத்தாந்திருக்கேங்கய்யா. அண்டா மட்டும் தெறக்காது."

எப்போதும் முதலில் தட்டோடு உட்காரும் மேரி சிஸ்டர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பச்சையம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நான் வர்லக்கா. நீங்க துன்னுங்க."

"நீ வராம இங்க ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க."

"ஐயோ, இன்னாக்கா இது!"

இரண்டே காலுக்கு ஓடி வந்தாள். அதன் பிறகுதான் ஐயா அப்பத்தைப் பிட்டார். சோறு ஆறிப்போயிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு மணி வரை ஒரே முனகல். பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தேன். மேரி சிஸ்டர் வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கும் சித்தியைப் பார்க்கக் காலையிலேயே பொன்னேரி போனேன். திரும்பி வரப் பஸ் கிடைக்கவில்லை. கூடத்துக்கு வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்தேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மேரி சிஸ்டர் உட்பட. தட்டுகள் இன்னும் காலி. மூடிய அண்டாவுக்குப் பக்கத்தில் பச்சையம்மா, கையில் என் கரண்டி.

"வாக்கா, வா. சீக்கிரம் கைய கழுவு. பசில எல்லாரும் உன்னதான் திட்டினுகீறோம்."