சில்லுக்குக் கீழே தேசிக்காய்

அன்பு மகள் ஹம்சாவுக்கு,

சிவபாதசுந்தரம் சதீசன் ஆகிய நான், உன் தகப்பன், ட்ருகனினாவிலிருந்து எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். ஸ்ட்ராத்ஃபீல்டில் நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கமாக எழுதுவேன், இம்முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான்: காருக்குப் பின்னால் இழுத்துப்போய், கூரையை உயர்த்தி உள்ளே படுக்கவென்று நீ வைத்திருக்கும் அந்தக் கேம்பர் வண்டியின் கூரையை, நான் வந்து பார்க்கும் வரை எக்காரணம் கொண்டும் உயர்த்தாதே. தொலைபேசியில் சொன்னால் நான் வசனத்தை முடிக்கும் முன்னரே "ஓகே அப்பா, ஓகே" என்கிறாய். ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுவதும் வாசி.

வீட்டுச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். தம்பி லக்சன் கார் பழகுகிறான், அவன் ஓட்ட நான் பக்கத்துச் சீட்டில் இருந்து இல்லாத பிரேக்கை மிதித்து முழங்கால் நோகிறது. கலா அன்ரியுடன் ஸ்பிரிங்வேலுக்குப் போன அம்மா உனக்கென்று கருவாடு வாங்கி வைத்திருக்கிறா. நீ ஞாயிற்றுக்கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் போட்ட காணொளியை எல்லோரும் பார்த்தார்கள். கேம்பருக்கு மாலை, சந்தனம், குங்குமம், உயர்ந்து நிற்கும் கூரை, உள்ளே நின்று கையசைக்கும் நீ. மாமா தேவராஜா, "சதீசன் செய்த தூக்கி கப்பலையும் தூக்கும் போல கிடக்கு" என்று எழுதினார். அத்தனை பேரும் இதயப்படம் அனுப்பினார்கள். நானும் அனுப்பத்தான் போனேன். அந்த நேரம் படம் பிடித்த உன் தோழி ப்ரீத்தி கமராவைக் கீழே இறக்கினாள், கேம்பரின் சில்லு தெரிந்தது. சில்லு உருளாமலிருக்க நான் தந்துவிட்ட மஞ்சள் கட்டைகள் அங்கே இல்லை. அவை இருக்கவேண்டிய இடத்தில் பூசைக்கு வைத்த இரண்டு தேசிக்காய்கள் இருந்தன.

உடனே உனக்குத் தொலைபேசி எடுத்தேன். கூரையை இறக்கிவிட்டதாக நீ சொன்ன பிறகுதான் என்னால் கதிரையில் உட்கார முடிந்தது. "அம்மாதான் சொன்னவா, வெளிக்கிடும் வரைக்கும் தேசிக்காயை எடுக்கக் கூடாது, சில்லில வேற ஒண்டும் முட்டக் கூடாது எண்டு. சில் பண்ணுங்கோ அப்பா" என்றாய். நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நத்தார் விடுமுறையில் நம் கராஜில் நாமிருவரும் செய்த அந்தத் தூக்கியை நினைத்துப் பார். இரண்டு இரும்புத் தூண்கள், மேலே கப்பிகள், படகு இழுக்கக் கம்பிக் கயிறு சுற்றும் ஒரு வின்ச், கூரையைச் சுற்றி ஒரு பட்டி. தூண்கள் நிற்பது நிலத்தில், கூரை இருப்பதோ கேம்பரில். உங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவு, கேம்பரின் கைப்பிரேக் பழையது. கேம்பர் ஒரு சாண் உருண்டால் போதும், தூண்கள் சாயும், கம்பிக் கயிறு வழுவும், கூரை முழுப் பாரத்துடன் விழும். அந்நேரம் உள்ளே நின்று நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவள் நீ. தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் நிற்கக் கூடாது என்று களஞ்சியத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் உத்தியோகம். வீட்டில் மட்டும், சில்லுக்குக் கட்டை வைத்தால் ஆபத்தில்லை என்று சொல்லி என் மகளை அதன் கீழ் நிற்க விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் கூரைதான் வருகிறது. வேலையில் பாரந்தூக்கி இறங்கும் சத்தம் கேட்டாலும் முதலில் அதன் சில்லைத்தான் பார்க்கிறேன்.

நான் விளக்கியதும் அம்மா குசினிக்குள் போய்விட்டா. பிறகு வந்து, "பிள்ளை என்ர சொல்லைக் கேட்டதுதான் பிழையாப் போச்சோ?" என்று கேட்டா. நீ இருவர் சொல்லையும் கேட்கிற பிள்ளை. நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைத்துக்கொள்ளாமல் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறோம். ஆகவே அம்மாவைக் கோபிக்காதே, அவவிடம் இதைப் பற்றிப் பகிடியும் விடாதே. இரவுச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ப்ரீத்தியையும் அந்தக் கேம்பருக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று சொல். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் கிடைக்க நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

நீயும் ப்ரீத்தியும் கேம்பருடன் சனிக்கிழமை பயணம் புறப்படுவதை நான் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியவே நானும் அம்மாவும் காரில் சிட்னிக்கு வெளிக்கிடுகிறோம். உள்ளே ஆள் நிற்காமல் வெளியிலிருந்தே பொருத்தக்கூடிய நான்கு முட்டுகளைச் செய்து முடித்துவிட்டேன், அவையும் வருகின்றன. முதலில் நான் சில்லுகளுக்குக் கட்டை வைப்பேன். அதன் பின்னரே அம்மா தேசிக்காய்களைத் தன் கையால் எடுப்பா, வேறு எவரும் தொடக் கூடாதாம். கூரையை நானே உயர்த்தி முட்டுக் கொடுப்பேன். பின்னர் கேம்பருக்குள் நீ படுக்கப்போகும் கட்டிலில், நீ படுப்பதற்கு முன், அன்றிரவு நான் படுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. சதீசன்