நீ நிறுத்திய இடத்தில் நான் சிரித்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதைக் கேட்காமல் கடிதம் எழுதவும் தெரியவில்லை. வயிற்றிலிருந்த குழந்தை நிலைக்கவில்லை என்று நீ போனில் சொன்னபோது நான் சிரித்தேன். நீ வைத்துவிட்டாய். பன்னிரண்டு நாளாயிற்று, என் போனை நீ எடுக்கவில்லை. "அவ இனிமே உங்ககிட்ட பேசமாட்டாளாம்" என்று அம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். ஏன் தாளில் என்றால், அம்மாடி, எனக்குக் காது கேட்கவில்லை. வலது காது போய் நாலு வருஷம் ஆகிறது, இடதும் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவிடமே போன வாரம்தான் சொன்னேன்.

இருபது வயதில் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போனேன், உனக்குத் தெரியும். நாலு பேர், ஒரு ஓட்டை வேன், என் டிரம்ஸை ஏற்றினால் கிட்டார்க்காரன் என் மடியில்தான் உட்கார வேண்டும். காதில் பஞ்சு வையடா என்று ஒலிப்பதிவாளர் தலைபாடாய் அடித்துக்கொண்டார், பஞ்சு வைக்கிறவன் டிரம்மரா என்று கேட்ட தடியன் நான். பிறகு நீ பிறந்தாய், டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள், கோட்டு மாட்டிக்கொண்டு தினமும் மாலை நேரலையில் எட்டு வாத்தியக்காரர்களுக்குத் தலைவனானேன். கிட்டார்க்காரன் அன்றோடு என்னிடம் பேச்சை விட்டான். போகட்டும், நீ படித்தாய். இருபத்தைந்து வருஷம், தொகுப்பாளர் ஜோக் சொல்லி நிறுத்துவார், நான் டிரம்மில் இரண்டு தட்டு, பித்தளைச் சிம்பலில் ஒன்று, ஜனம் சிரிக்கும். அந்த மூன்று தட்டுக்குத்தான் என்னைத் தெரியும், வாசித்த பாட்டு ஒன்றும் ஒருத்தருக்கும் நினைவில்லை.

காது போன பிறகு பேஸ் கிட்டார் வாசிப்பவரின் காலைப் பார்த்துத் தாளம் பிடித்தேன், தொகுப்பாளரின் தோளைப் பார்த்து ஜோக் முடிந்ததென்று கண்டுகொண்டேன். தோள் இறங்கினால் தட்டு. ஈ காக்கைக்குத் தெரியாமல் ஓட்டினேன். போன மாதம் தோள் இறங்கியது, தட்டினேன், ஸ்டூடியோவே திரும்பி என்னைப் பார்த்தது. மனுஷர் தன் அம்மா இறந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. கை தவறிவிட்டது என்று சாதித்தேன். இயக்குநர் இடது காதருகே வந்து, "அண்ணே, கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க" என்றார். மறுநாளே என் இடத்தில் வேறு ஆள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அலுப்பாக இருக்கிறது, லீவு போட்டேன் என்று உங்களிடம் புளுகினேன்.

போனிலும் அதே பிழைப்புதான். ஒரு வருஷமாக உன் குரல் வருகிறதே தவிர சொல் பிடிபடுவதில்லை. நீ கூப்பிட்டால் பாதி நேரம் மாப்பிள்ளையைக் கேலி செய்கிறவள், அதை நம்பி நீ நிறுத்துகிற இடத்தில் நான் சிரித்துவைப்பேன், நீயும் சிரிப்பாய். அன்றும் நிறுத்தினாய். நான் வாய்விட்டே சிரித்தேன். அம்மா எதிரே வந்து என்னவாம் என்று கையாட்டிக் கேட்டாள், "உன் பொண்ணு வாயைக் கேளு" என்று போனை நீட்டினேன். அதற்குள் நீ இல்லை. மாப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் செத்திருக்கலாம்.

காது மருத்துவரம்மா, கருவி வைத்தால் சத்தம் வரும், பேச்சு வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருப்பதும் இந்த வருஷத்தைத் தாண்டாதாம். டிரம்ஸைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டேன், அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை, பேசினாலும் எனக்கென்ன தெரியும்.

அம்மா அடுத்த வாரம் கிளம்பி உன்னிடம் வருகிறாள், வேண்டாம் என்று சொல்லிவிடாதே. உடனே வேலைக்கு ஓடாதே, கனம் தூக்காதே, மாத்திரையை வேளைக்குப் போடு, மாப்பிள்ளைமேல் எரிந்து விழாதே, அவருக்கும் போனது குழந்தைதான். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டப்போகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதி நாலு தரம் அடித்துவிட்டேன். மன்னித்தாலும் அதை உன் குரலில் நான் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு நீ அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை, முதலில் எனக்குத்தான் சொல்லியிருக்கிறாய். என்ன சொன்னாயோ அதை ஒரு வரி விடாமல் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பு, மறந்துவிடாதே. நான் இன்னும் அழவில்லை, அம்மாடி. நீ சொல்லி நான் கேட்கவே இல்லையே.

என்றும் உன்
அப்பா