கண்ணாடி அறையில் என்ன பேசினார்கள்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரும் வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். லீவில் எடுக்காமல் போட்டுவைத்த ஸ்கூட்டர்கள், பாதிக்குப் பேட்டரி இறங்கியிருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து ஒவ்வொருத்தரிடமும் குறை கேட்டு ஜாப் கார்டு எழுதி, பின்னால் பட்டறைக்கு அனுப்பி முடிப்பதற்குள் மணிக்கட்டு வலி கண்டுவிட்டது.

சாயங்காலம் பிரசாந்த் சார் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். திருச்சியிலிருந்து போன மாதம் வந்த மேனேஜர். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னேன்னு வெளிய போகக் கூடாது மேடம். நீங்க குறையைக் காதுல வாங்காமலே எழுதுறீங்கன்னு ஃபோர்மேன் வருத்தப்படுறாரு.”

மைக்கேல்சாமி அண்ணனா? நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளில் கிளட்ச் ஒயருக்கும் பிரேக் ஒயருக்கும் வித்தியாசம் காட்டிக் கொடுத்தவர். ஆவூர் மாதா கோயில் திருவிழா முடிந்தால் என் வீட்டுக்கென்று தனி மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவருகிறவர். அவர் ஏன் என்னிடம் சொல்லாமல் அங்கே போய்ச் சொல்ல வேண்டும்?

ஆனால் சார் எதற்காகப் பொய் சொல்லப் போகிறார்?

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற சிரிப்புதானா அது?

ஜூன் 12, வியாழன்

ஒரு கார்டில் வண்டி எண் சரிபார்க்கப் பட்டறைக்குப் போனேன். அண்ணனும் மெக்கானிக் பையன்களும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருத்தன் குனிந்து நட்டைத் தேடினான். கீழே நட்டு எதுவும் விழவில்லை, நான் பார்த்தேன்.

மத்தியானம் அண்ணன் கண்ணாடி அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வரும்போது என் பக்கம் திரும்பவே இல்லை, நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார்.

என்னைப் பற்றித்தான். வேறு என்ன இருக்கும்?

ஜூன் 14, சனி

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவர் வசந்த்திடம் சொன்னேன். “நேராக் கேட்டுப்புடேன், மனசுல வச்சுக்கிட்டு ஏன் வேகுறே?” என்றார். அவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். கேட்டால், சார் சொன்னது வெளியே போய்விடும். நான்தான் கோள் சொன்னவளாகிவிடுவேன். அண்ணன் இல்லையென்று சொன்னாலும் அதை நம்பலாமா?

இன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். வசந்த் தானே எழுந்து உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றிலிருந்து குறையை எழுதியதும் வாடிக்கையாளருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். ஜாப் கார்டைப் படமும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். யாரும் என்மேல் பழி போட முடியாது.

அண்ணன் அதைப் பார்த்தார். “என்னம்மா, புதுசா இருக்கு?” என்றார். “சும்மாதாண்ணே” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆகட்டும்.

ஜூன் 21, சனி

அன்னவாசலில் உரக்கடை வைத்திருக்கும் ரெங்கசாமி, காலையில் கவுண்டருக்கு முன்னால் வந்து கத்தினார். நேற்றுத்தான் சர்வீஸ் முடித்து வண்டியைக் கொடுத்தோம். சித்தன்னவாசல் வளைவில் முன்னால் போன வேன் நின்றிருக்கிறது, இவர் வண்டியின் பின் பிரேக் பிடிக்கவில்லை. ஓரத்தில் சரிந்து முழங்காலில் தோல் பெயர்ந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் காட்டினார். “பிரேக்கப் பாருங்கன்னு சொல்லித்தானே வுட்டேன்? நான் செத்திருந்தா என்ன பண்ணுவீங்க?”

கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் கார்டை எடுத்து அவர் முன்னால் விரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நான் எழுதித்தான் குடுத்தேன்யா. செய்யாம வுட்டது பட்டறைக்காரங்க. அவங்களப் போயிக் கேளுங்க” என்றேன்.

அண்ணன் கைத்துணியோடு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ரெங்கசாமியிடம், “தப்பு எங்களதுதாங்க. மொதல்ல காலுக்கு மருந்து போட்டுட்டு வருவோம், வாங்க” என்று தன் வண்டியிலேயே கூட்டிப்போனார்.

நான் சொன்னது உண்மைதானே? பிறகு ஏன் அண்ணன் நின்ற வாசல் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை?

ஜூன் 23, திங்கள்

பிரசாந்த் சார் கூப்பிட்டார். அண்ணன்மேல் நான் புகார் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “பிரேக் விஷயத்தை எழுதுங்க. அப்படியே, குடிச்சிட்டு வர்றதையும் சேர்த்துடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணன் குடிக்க மாட்டாரே சார்?”

“நீங்கதானே மேடம் சொன்னீங்க, ஒரு நாள் கண்ணு சிவந்து வந்தாருன்னு?”

ஆமாம், சொன்னேன். சார் வந்த புதிதில், ‘அண்ணன் கண்ணெல்லாம் செவந்திருக்கு, தூங்கலை போல’ என்று. அவர் பேத்திக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் விழித்திருந்துவிட்டு வந்திருந்தார். நான் சொன்னது அவ்வளவுதான். அது எப்படிக் குடி ஆனது?

நாளைக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு நாளும் நான் சந்தேகப்பட்டது சரியான ஆளையா?

ஜூன் 24, செவ்வாய்

எழுதவில்லை. தலைவலி என்று சாரிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டில் அன்னவாசல் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ கையைப் பிடித்தார்கள். மைக்கேல்சாமி அண்ணனின் மனைவி அருள்ராணி அக்கா. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது.

“செல்வி, ஒன்னையக் கூடப்பொறந்தவ மாதிரித்தானே வச்சிருந்தாரு? அவரு குடிச்சிட்டு வாராருன்னு மேனேசருகிட்டச் சொல்ல ஒனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? வாயில பச்சத்தண்ணி படாம உக்காந்திருக்காரு மனுசன்.”

“அக்கா, நான் சொல்லலக்கா. சத்தியமாச் சொல்லல. யாரு சொன்னா உங்ககிட்ட?”

“அந்தத் திருச்சிக்காரருதான் சொன்னாராம். வெளிய சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னாராம்.”

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அண்ணனைப் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னேன். வந்தார். என்னிடமிருந்து ஒரு ஆள் இடைவெளி விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கண் சிவந்த கதையை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். டீயைத் தொடவில்லை.

“நானும் ஒண்ணு சொல்லிருக்கேன்” என்றார் கடைசியில். “கூட்டமா இருக்கையில செல்வி அவசரத்துல எழுதிப்புடுதுன்னு. கூட ஒரு ஆள் போட்டா நல்லாருக்கும்னு ஒனக்காகத்தான் சொன்னேன்.”

“அத என்கிட்ட எப்படிச் சொன்னாரு தெரியுமாண்ணே?”

“தெரியும். எனக்குச் சொன்ன மாதிரித்தான் சொல்லிருப்பாரு.”

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “ஆனா அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னால என்னையக் காட்டிக் குடுத்தது நீதானே? அத அவரு சொல்லித் தரலயே.”

“தப்புத்தாண்ணே” என்றேன். அவர் தலையாட்டினார். மன்னித்துவிட்டார் என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆறிப்போன டீயைக் குடித்தார், அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு பேரும் சேர்ந்தே கண்ணாடி அறைக்குள் போனோம். சண்டை போடக் கூடாது, யார் என்ன சொன்னார் என்று கிளறக் கூடாது, ஒரே ஒரு விஷயம்தான் கேட்பது என்று பேசி வைத்திருந்தோம். அண்ணன்தான் ஆரம்பித்தார்.

“பிரேக் பாக்காம வுட்டது என் பொறுப்புங்க சார். இனிமே ஒவ்வொரு வண்டியையும் நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய வுடுவேன். அத எழுதியே தாரேன்.”

நான் சொன்னேன்: “நான் புகார் எழுதலை சார். இனிமே அண்ணனைப் பத்தி என்கிட்டயோ, என்னைப் பத்தி அவருகிட்டயோ பேசறதா இருந்தா, ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டே பேசுங்க.”

சார் சிரித்தார். “சின்ன கம்யூனிகேஷன் கேப். இதுக்குப் போயி...” சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் அவரே சொல்லிவிட்டார். பொன்னமராவதியில் புதுக் கிளை வருகிறதாம். பழைய ஆள் ஒருத்தர் அங்கே போக வேண்டும், போக மாட்டேன் என்றால் தானாக நின்றுகொள்ள வேண்டும். மேலிடத்து உத்தரவு. “எனக்கும் பிரஷர் இருக்கு மேடம்.”

இருக்கலாம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், எங்களை மூட்டிவிட்டு ஒருத்தரைக் கிளப்பப் பார்த்திருக்க வேண்டாம்.

ஜூலை 5, சனி

யார் போவது என்ற பேச்சு ஒரு வாரம் இழுத்தது. ஒவ்வொரு தடவையும் நானும் கூடவே போய் உட்கார்ந்தேன். அண்ணன் பொன்னமராவதிக்குப் போகிறார், ஆனால் ஃபோர்மேனாகவே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லீவு வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை இறங்கவில்லை. அதையும் ஒத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது, “வாரேன்மா. கூட்டமா இருந்தாலும் நிதானமா எழுது” என்றார். இந்த முறை அதில் உள்ளர்த்தம் எதையும் நான் தேடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது ஃபோர்மேன் நிலவழகன் இன்று சேர்ந்தார். சின்ன வயது, கீரனூர்ப் பக்கம். மத்தியானம் சார் அவரைக் கூப்பிட்டார், கதவு சாத்தப்பட்டது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் பட்டறைக்குப் போனார்.

அந்தப் பழைய சந்தேகம் தலைகாட்டியது. கொஞ்ச நேரம் ஜாப் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கவுண்டரை விட்டு எழுந்து பின்னால் போனேன்.

“தம்பி, உள்ள என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லிருந்தா என்கிட்டயே கேட்டுருங்க. நான் தப்பா நெனக்க மாட்டேன்.”

அவர் ஸ்பேனரைத் துடைத்தபடியே யோசித்தார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் வாளியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்கக்கா” என்றார்.